திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ரொட்டி

சூடான ரொட்டியைச் சட்டைப் பையில் ஒளித்ததுதான் லிஃப்ட் மெக்கானிக் செய்த முதல் தப்பு. உள்ளே தடவியிருந்த வெண்ணெய் உருகி, நெஞ்சுக்கு நேராக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க சார் போறீங்க?" என்று கேட்டாள் பணிப்பெண்.

"பாத்ரூமுக்கு."

"உங்களுக்கு முன்பக்கம் இருக்கு சார்."

"எனக்குப் பின்பக்கம்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, திரையை விலக்கி உள்ளே நுழைந்தார்.

எல்லாம் விமானம் ஏறும் முன் ஆரம்பித்த வினை. கூட்டம் அதிகம் என்று சொல்லி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் பிசினஸ் கிளாஸில் இடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு போர்டிங் பாஸையும் வாங்கிப் பார்த்த மனைவி, ஒன்றை அவர் கையில் திணித்தாள்.

"உங்களுக்குத்தான். போய் நல்லா சாப்பிடுங்க."

சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கோபம் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். முன்பு ஒரு விருந்தில் அவளை விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததற்கு, ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்கள்தான் அவரோடு பேசின. இப்போது போவதோ மகள் வீட்டுக்கு. மருமகன் முன்னால் இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மானம் கப்பலேறிவிடும்.

முன்பக்கத்தில் நாற்காலி அவர் வீட்டுக் கட்டிலைவிட அகலம். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். உப்புக்கும் மிளகுக்கும் தனித்தனிக் குட்டிக் குடுவைகள். தண்ணீர் கேட்டால்கூட, "சோடாத் தண்ணியா, சாதாத் தண்ணியா?" என்று குனிந்து கேட்டார்கள். காலமெல்லாம் ஊரை மேலே ஏற்றி இறக்கியவரை இவ்வளவு உயரத்துக்கு யாரும் ஏற்றி வைத்ததில்லை. ஆனால் பின்னால் அவள் இருக்கும்போது எது தொண்டைக்குள் இறங்கும்?

திரைக்குப் பின்னால் மனைவி கழுத்துவரை சால்வையை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தாம்மா, ரொட்டி. இன்னும் சூடு ஆறல."

"எனக்கு வேணாம்."

"றெக்கைகிட்ட கிர்ருனு ஒரு சத்தம் வருது கேட்டியா? பேரிங் தேயற சத்தம் மாதிரியே இருக்கு. ஒரு லிஃப்ட்ல இப்படித்தான்..."

"போய் உட்காருங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். கோபம்தான், சந்தேகமே இல்லை.

திரும்பி வந்தவரின் சட்டையையும் காலித் தட்டையும் பணிப்பெண் பார்த்தாள். துடைத்துக்கொள்ளச் சுடச்சுட ஈரத்துண்டு வந்தது. கூடவே ஒரு கூடை ரொட்டியும் வந்தது. "சாருக்கு எங்க ரொட்டி ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல!"

மனைவிக்கு ரொட்டி என்றாலே ஆகாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்ததாக சூப் வந்ததும், கிண்ணத்தைக் கைத்துணியால் மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனைவியின் வரிசையை அடையவும் விமானம் ஒரு குலுங்கு குலுங்கவும் சரியாக இருந்தது. பாதி சூப், அவளுக்குப் பக்கத்தில் இருந்த கனத்த மனிதரின் மடியில் இறங்கியது.

"ஐயோ!" என்று அவர் துள்ளி எழுந்தார்.

"காளான் சூப்புங்க. சைவம்தான்" என்றார் மெக்கானிக் சமாதானமாக.

கனத்தவர் திட்டிக்கொண்டே கழுவப் போனார். கிடைத்த இடத்தில் மெக்கானிக் உட்கார்ந்தார்.

"கோவமா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இப்படிச் சொல்ற?"

"எப்படிச் சொல்றேன்?"

"கோவமா."

மனைவி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பணிப்பெண் ஓடிவந்து அவரைக் கையோடு அழைத்துப் போனாள்.

தன் இடத்துக்கு வந்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "நான் பின்னாடி போயிடறேம்மா. அவளைக் கூட்டிட்டு வந்து இங்க உட்கார வைங்க."

"வேணாம் சார்!" கிட்டத்தட்ட அலறிவிட்டாள் பணிப்பெண். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மீன் கொண்டு வரட்டுமா? கோழி? ரெண்டுமே கொண்டு வரேன்" என்றாள்.

சட்டதிட்டம் அவ்வளவு கெடுபிடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. எலுமிச்சை மணக்கும் மீன், மெத்தென்று வெந்த கோழி, பாலாடைக்கட்டி, நறுக்கிய பழம், ஐஸ்கிரீம். ஒரு வாய் விழுங்குவதற்குள் அடுத்தது வந்து நின்றது. பின்னால் அவள் ஆறிப்போன சோற்றை அலுமினியத் தாளுக்குள் கிளறிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில், அவருக்கு ஐஸ்கிரீமே கசந்தது.

அந்தப் பக்கமாக வந்த இன்னொரு பணியாளர், "என்ன சார், ஒண்ணுமே சாப்பிடல?" என்று விசாரித்தார்.

மெக்கானிக்கின் வாயில் சனி புகுந்தது. "இன்னிக்கு எங்க கல்யாண நாள் தம்பி. நான் முன்னாடி, அவ பின்னாடி."

பணியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. தம்பதிக்கு விமானமே வாழ்த்துச் சொன்னது. திரைக்குப் பின்னால் கைதட்டல், விசில். கனத்தவரின் குரலும் அதில் கேட்டது.

திரை விலகியது. கையில் கேக்கும், கலைந்த தலையும், சிவந்த கண்களுமாக மனைவி நின்றாள்.

"நமக்குக் கல்யாணம் ஆனது மழைக்காலத்துல. இன்னிக்கு யாருக்குங்க கல்யாணம்?"

"இல்ல... உன்னைச் சந்தோஷப்படுத்தலாம்னு..."

"நான் சந்தோஷமா இருக்கணுமா? இந்தக் கேக்கைச் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. எழுந்திருக்காதீங்க."

கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் துணுக்குகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பணிப்பெண் நாற்காலியைக் கட்டிலாக நீட்டி, போர்வையை இழுத்துவிட்டு, கண்ணுக்கும் ஒரு துணி மாட்டினாள். எங்கே தூக்கம் வரப்போகிறது என்று நினைத்த மாத்திரத்தில் குறட்டை வந்தது.

விமானம் இறங்கியபோதுதான் விழித்தார். எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தார். கடைசியாக மனைவி வந்தாள். தலை படிய வாரியிருந்தாள். முகம் அப்போதுதான் கழுவியதுபோல் இருந்தது. அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"நல்லா தூங்குனீங்களா? பையைக் குடுங்க, கனமா இருக்கும்."

அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்தது. அப்பாடா! கோபம் இருந்த சுவடே தெரியவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவள் முன்னால் நடந்தாள். சந்தோஷம் தாங்காமல் மெக்கானிக் வாசலில் நின்ற பணிப்பெண்ணிடம் திரும்பினார்.

"சாப்பாடு பிரமாதம்மா. சொந்த அண்ணனைக் கவனிக்கிற மாதிரி கவனிச்சீங்க. ஒரே ஒரு குறைதான். அந்த சீட்டு அவளுக்குக் கிடைச்சிருக்கணும்."

பணிப்பெண் சிரித்தாள். "அவங்க சீட்டுதான் சார் அது. 'நான் பின்னாடி கொஞ்சம் நிம்மதியா தூங்கிக்கறேன், இவரை இங்க உட்கார வெச்சு வாய்க்கு ஏதாவது குடுத்துக்கிட்டே இருங்க'ன்னு ஏறும்போதே கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க."