எங்கள் மொட்டைமாடி இசைக்கூடல்

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், இனி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஒரு வேலையும் செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். சபதம் மனசுக்குள்தான். வெளியே சொல்லும் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயது. அதில் கல்யாண வாழ்க்கை இருபத்திரண்டு வருஷம். மீதி இருபத்தைந்து வருஷமும் எனக்கு ஓய்வாக இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். ஆறு நாள் பண்டல் கணக்கு. ஏழாம் நாள் என் மனைவி சொர்ணத்தாய் கணக்கு. ஒட்டடை அடி, ஃபேனைத் துடை, மாவாட்டு, தேங்காய் உரி. வேலை தீர்ந்துவிட்டால் உரித்த தேங்காயைத் திருப்பி ஒட்டச் சொல்வாளோ என்று பயமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். எங்கள் தெருக்குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை, எந்த நேரம் என்று சொல்லாமல் வரும். வேகம் இருக்காது. அதனால் வாசலில் இடுப்பளவு குழி வெட்டி, குழாயை அதற்குள் இறக்கி வைத்திருக்கிறோம். குழிக்குள் இறங்கிக் குடம் பிடித்து, பத்தொன்பது படி ஏறி மொட்டைமாடித் தொட்டியில் ஊற்ற வேண்டும். மற்ற வீடுகளில் இதற்கு மோட்டார் உண்டா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் நான் உண்டு.

இதற்கு ஒரு விடிவை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். நாற்பது நிமிஷம் இருந்தார். அந்த நாற்பது நிமிஷமும் சொர்ணத்தாய் எனக்கு ஒரு வேலையும் சொல்லவில்லை. "இவிய காப்பி ஆறிப்போனாக் குடிக்க மாட்டாவ" என்று என்னைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் போய்ச் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும், "துடைப்பத்த எடுங்க" என்றாள்.

அன்றைக்குப் புரிந்தது. விருந்தாளி முன்னால் புருஷனுக்கு வேலை சொல்வது அவள் பிறந்த வீட்டுக்கே இழுக்கு. ஆக, எனக்குத் தேவை விருந்தாளி. ஞாயிறுதோறும், ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை. ஆனால் யார் வருவார்கள்? என் முகத்துக்கு வரமாட்டார்கள். என்னிடம் பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று இருந்தது. அதை வைத்து ஆள் சேர்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். 'மொட்டைமாடி இசைக்கூடல். யாரும் வரலாம். எந்த வாத்தியமும் கொண்டுவரலாம். ஒன்றும் தெரியாதவர்களுக்கு முன்னுரிமை.'

சொர்ணத்தாய் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இது என்னது?"

"சமூக சேவை."

"ஆபீஸ்லேருந்து வந்தா கால நீட்டிப் படுக்கத்தான தெரியும் உங்களுக்கு. திடீர்னு என்ன சேவை?"

"மனசுல தோணுறத அப்பப்ப வாசிக்கிறது, பாடுறது. ஒத்திகை கிடையாது. பாட்டு தெரிஞ்சிருக்கணும்னு இல்ல."

"அப்பம் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா?"

"அதுக்குத்தான் ஒரு சட்டம் வச்சிருக்கேன். ஒருத்தர் பாட்டுல ஒரு அடி போட்டா அடுத்தவிய அதத் தட்டக்கூடாது. வாங்கி மேல கொண்டு போகணும்."

"யாரு போட்டாலும்?"

"யாரு போட்டாலும்."

"பொம்பளையளும் வரலாமா?"

"அட்டையில எழுதியிருக்குல்லா!"

"நல்ல சட்டமாத்தான் இருக்கு" என்றாள். "மாடியத் தூத்துருங்க. ஆளு வாராவல்லா?"

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மாடியைப் பெருக்கிய களைப்பில் யோசிக்க முடியவில்லை.

ஞாயிறு ஐந்து மணிக்கு நிஜமாகவே ஆள் வந்தது. பலசரக்குக் கடை சோலைராஜ் அண்ணாச்சி புல்புல்தாராவோடு வந்தார். அதில் இரண்டு கம்பி கிடையாது. அவருக்கு அது தெரியவும் இல்லை. ஒருத்தர் ஜால்ரா, ஒருத்தர் காலி எண்ணெய் டின். எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் தண்ணீர் திறந்துவிடும் அழகிரிசாமி, கஞ்சிராவோடு ஐந்தேகாலுக்கு ஓடி வந்தான். வால்வு திருகித் திருகிக் காய்த்துப்போன கை. ஆனால் தட்டினால் உள்ளே ஏதோ புரளுகிற மாதிரி இருந்தது.

நான் பெட்டியைத் திறந்து ஒரு சுருதி பிடித்தேன். எல்லாரும் அதில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. கரிசல் காற்று அடித்தது. கீழேயிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது எதிரே சொர்ணத்தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் பதினோரு பெண்கள். தீப்பெட்டி ஒட்டும் வெயிலம்மாள் தலைமையில் மொத்தத் தெருவும் ஏறி வந்திருந்தது.

"நாங்களும் வரலாம்லா?" என்று சொர்ணத்தாய் சோலைராஜைப் பார்த்துக் கேட்டாள்.

"வாங்க தங்கச்சி! அதுக்குத்தான கூடல்!" என்றார் அவர். பாவம், நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களால்தான் எனக்கு எப்போதும் கேடு.

பெண்கள் வட்டமாக நின்றார்கள். முளைப்பாரிக்கு முன்னால் ஊரில் நிற்பார்களே, அப்படி. அந்த வட்டத்துக்குள் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் பாடலாம். யார் தலையை வேண்டுமானாலும் உருட்டலாம். கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளை கோபப்படக்கூடாது. சுற்றுவட்டாரத்தில் ஏழு கிராமத்துக்கும் இதுதான் வழக்கம். சட்டம் போட்ட அன்றைக்கு எனக்கு இது ஞாபகத்துக்கே வரவில்லை.

சொர்ணத்தாய் கையைத் தட்டி எடுத்தாள்.

"மாடியில தாளம் கொட்டுது கொட்டுது
வாசலுல தண்ணியும் கொட்டுது கொட்டுது!"

பதினோரு பேரும் அதை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். என்ன குரல்! இத்தனை வருஷம் இந்தக் குரல் "ஏங்க, காதுல விழலையா" என்பதற்கு மட்டும்தான் என் காதுக்கு வந்திருக்கிறது. பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அப்புறம்தான் வார்த்தை உறைத்தது. கீழே குழிக்குள் குழாய் சீறும் சத்தம் கேட்டது. மற்ற வீட்டுக் குழிகளில் பிள்ளைகள் ஏற்கெனவே குடத்தோடு இறங்கியிருந்தார்கள்.

"பெட்டி பிடிச்ச கையி ரெண்டும்
குடம் பிடிச்சாக் கொறஞ்சா போகும்?"

"கொறஞ்சா போகும்?" என்றார்கள் பதினோரு பேரும். வீட்டில் ஒரு தடவைதான் சொல்வாள்.

நான் சோலைராஜைப் பரிதாபமாகப் பார்த்தேன். "அண்ணாச்சி, வேற ராகத்துக்குப் போவமா?"

"அதெப்படி?" என்றார் அவர், கம்பியைத் தேய்த்துக்கொண்டே. "நீங்கதான சட்டம் போட்டிய? போட்ட அடியத் தட்டக்கூடாதுல்லா? வாங்கி மேல கொண்டு போங்க."

மேலே கொண்டு போனேன். குடம் குடமாக. நான் படியேற ஏற அழகிரிசாமி என் காலடிக்குக் கஞ்சிரா தட்டினான். நான் மெதுவாக ஏறினால் அவர்கள் தாளத்தை முடுக்கினார்கள். தாளத்தை முடுக்கினால் நான் வேகமாக ஏற வேண்டியிருந்தது. பதினேழாவது குடத்தில் மூச்சு வாங்கி நின்றேன்.

"நிறுத்தம் நல்லாக் குடுத்தாவ!" என்று எண்ணெய் டின்காரர் பாராட்டினார்.

சொர்ணத்தாய் எனக்கு ஒரு வார்த்தை வேலை சொல்லவில்லை. பாடினாள், அவ்வளவுதான். இடையில் ஒரு தடவை வெயிலம்மாளிடம், "இவியளுக்கு இசைன்னா உசுரு" என்றாள்.

தொட்டி நிரம்பியது. கூடல் முடிந்தது. நான் குழி ஓரமாக உட்கார்ந்து அழகிரிசாமியைப் பிடித்தேன்.

"ஏலே, இன்னைக்கு எப்படிலே சரியா அஞ்சரைக்குத் தண்ணி வந்துச்சு?"

"அக்காதான் சொன்னாவ, அண்ணாச்சி. 'நீயும் கூடலுக்கு வரணும்லா, எங்க தெருவத் தொறந்துவிட்டுட்டே வந்துரு'ன்னாவ. எனக்கும் அது சவுரியமாப் போச்சு. இனிமே உங்க தெரு முறை ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிதான். எனக்கும் வாசிச்ச மாதிரி ஆச்சு."

தெருவே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. நேரம் தெரியாமல் எட்டு நாள் காத்துக் கிடந்த தெருவுக்கு, நேரம் குறித்து ஏழு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். மறுநாள் காலையிலேயே வெயிலம்மாள் வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, புண்ணியமாப் போகும். ஒரு வாரம்கூட இத நிறுத்திராதீங்க."

நான் அட்டையைக் கழற்றப் போன கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டேன்.

ஐந்து வாரம் தாங்கினேன். தோள்பட்டை இரண்டும் என்னுடையதாக இல்லை. ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, இனி ஓடுவதைத் தவிர வழியில்லை என்று தீர்மானித்தேன். நாகலாபுரத்தில் என் அக்கா ராதாமணி இருக்கிறாள். தம்பி என்றால் பாயை விரித்துப் படுக்கச் சொல்லிவிட்டு விசிறி வீசுவாள். வருகிறேன் என்று ஆபீசிலிருந்தே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றேன். குரலில் ஒரு உறுதியை வரவழைத்திருந்தேன். "பாத்து நாளாச்சு."

"போயிட்டு வாங்க" என்றாள் சொர்ணத்தாய்.

என்னால் நம்ப முடியவில்லை. "அப்பம் கூடல்?"

"அத ஏன் நிறுத்தணும்? அழகிரிசாமி இந்த வாரத் தண்ணிய நாளைக்கே தொறந்துவிடுதானாம். எடுத்து ஊத்திட்டாப் போச்சு."

"சரி."

"ஞாயித்துக்கிழமை காலம்பற ஏழு மணி பஸ்ல நாங்க எல்லாரும் உங்க கூடவே வாரோம். நீங்க போன் போட்டதுமே மதினி எனக்குப் போட்டுட்டாவ, நாங்களும் வாரோம்னு சொல்லிட்டேன். ஊரே கூடி நிக்குதாம்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அங்கன குழாய் கிடையாதாம்" என்றாள். "அறுவது அடிக் கிணறாம்."