கையடக்க லாரி

"சாவி குடுத்தா ஓடுமாங்க? இல்ல, பேட்டரி போடோணுமா?"

அன்று காலையில் அர்த்தநாரிக்கு வந்த ஏழாவது போன் அது.

"டீசல் ஊத்தோணுமுங்க," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொம்மைக்கு எதுக்குங்க டீசல்?"

"பொம்மை இல்லீங்க. லாரி. நெசமான லாரி. பத்து டன்னு சரக்கு ஏத்தலாம்."

மறுமுனையில் ஒரு பெண் சிரித்தாள். "பையனோட பொறந்த நாளுக்கு வாங்கலாம்னு கேட்டா, எங்கிட்டயே வெளையாடறீங்களே!" என்று வைத்துவிட்டாள்.

அர்த்தநாரி நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கம்பெனி கொடுப்பது எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டும்தான். சேசிஸ் என்கிற அந்த எலும்புக்கூட்டை, வாங்கினவர்கள் அப்படியே பட்டறைக்கு ஓட்டிவந்து விட்டுவிடுவார்கள். கேபினும் பின்கட்டும் கட்டி, வண்ணமடித்து, பின்பலகையில் மயிலோ சிங்கமோ வரைந்து அனுப்புவது இவர் வேலை. மூன்று மாதமாக ஒரு சேசிஸ்கூட இவர் வாசலுக்குத் திரும்பவில்லை. ஆயுத பூஜைக்குள் நாலு வண்டியாவது வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, இதே ஊரில் இன்னொருவனிடம் வேலைக்கு நிற்க வேண்டியதுதான். இருபது வருஷம் முதலாளி என்று கூப்பிடப்பட்ட மனிதர் அவர்.

அந்தக் கலக்கத்தில்தான் மச்சினன் கோகுல்ராஜிடம், விளம்பரத்துக்கு நல்லதாக ஒரு படம் கேட்டார். கோகுல்ராஜ் சேலம் சூரமங்கலத்தில் பிளெக்ஸ் கடையில் வேலை பார்ப்பவன். அவன் புதிதாக ஒரு வித்தை படித்திருந்தான். உயரத்திலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டியது. மேலேயும் கீழேயும் மங்கலாக்கிவிட்டு, நடுவில் ஒரு பட்டையை மட்டும் துல்லியமாக விட வேண்டியது. வண்ணத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், நிஜமெல்லாம் பொம்மையாகிவிடும். இப்படியே அவன் சேலம் ஜங்ஷனைப் பொம்மை ரயிலாக்கி வைத்திருந்தான். தன் அக்காள் வீட்டைப் பிறந்தநாள் கேக் மாதிரி ஆக்கியிருந்தான்.

பட்டறைக்கு எதிரில் முட்டை வியாபாரி கண்ணுசாமியின், மயில் வரைந்த பச்சை லாரி நின்றிருந்தது. அர்த்தநாரி கட்டியதுதான். பக்கத்து மாடியில் ஏறி அதைப் படமெடுத்து, வித்தையைக் காட்டி, பட்டறையின் போன் நம்பரையும் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டான். ஒரே நாளில் படம் ஈரோடு, கரூர் எல்லாம் தாண்டிப் போய்விட்டது. போன் ஓயவில்லை. ஆனால் கேட்டவர் எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவீர்களா என்றே கேட்டார்கள்.

"மாப்ள, என்ற பொழப்பையே பொம்மையாக்கிப் போட்டயேடா!"

"பதறாதீங்க மாமா. பக்கத்துல ஒரு ஆளை நிக்க வெச்சா அளவு தெரிஞ்சு போயிரும்."

பட்டறை ஆசாரி கருப்பண்ணனைத் தலையில் துண்டுடன் நிறுத்தி எடுத்தான். எடுத்தவன் சும்மா இருக்கக் கூடாதா? கை அரித்தது, பழைய வித்தையையே மறுபடியும் போட்டான். மறுநாள் வந்த முதல் போன், "அந்தத் துண்டு கட்டுன பொம்மை லாரியோட சேர்ந்து வருங்களா, தனியா வாங்கோணுங்களா?" என்றது.

"தனியாத்தான் வாங்கோணும்னு சொல்லுங்க மொதலாளி," என்றார் கருப்பண்ணன். "சோறு நீங்க போட வேண்டியதில்ல பாருங்க."

அர்த்தநாரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வித்தை எதுவும் செய்யாத மூலப்படத்தைத் தானே வாங்கி, ‘இதுதான் நிஜம்’ என்று எழுதி அனுப்பினார். அதுதான் வினை. "சின்னப் பொம்மையப் பெருசாக் காட்டி ஏமாத்தறயா?" என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் திட்டினார்கள். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார்.

"வீடியோ எடுத்துருவோம் மாமா," என்றான் கோகுல்ராஜ். "அசையறதப் பாத்தா நம்பித்தானே ஆவோணும்?"

கருப்பண்ணன் லாரியை மூன்று தரம் சுற்றி நடந்தார். வீடியோ நீளமாக இருக்கிறதென்று கோகுல்ராஜ் அதைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டான். கருப்பண்ணன் விடுவிடுவென்று முறுக்கிவிட்ட பொம்மை மாதிரி ஓடினார். அன்று ஒரு நாளில் மட்டும் நாற்பது போன். எல்லோரும் முதலில் கேட்டது கருப்பண்ணனைத்தான்.

கடைசியில் மனைவி ரஞ்சிதாதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, நீங்க விக்கறத யாரும் கேக்கறதில்ல. கேக்கறத நீங்க விக்கறதில்ல. அதையே செஞ்சு குடுத்துட்டாத்தான் என்னவாம்?"

"லாரி கட்டுன கையாலயா?"

"சும்மா இருக்கற கையாலதானுங்க."

அர்த்தநாரி இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த ஒட்டுப்பலகைத் துண்டெல்லாம் எங்க கெடக்குது?" என்று கருப்பண்ணனைக் கேட்டார்.

ஒன்றரை அடி நீளத்தில் முதல் லாரி உருவானது. கதவு திறந்தது, பின்பலகை இறங்கியது. பரமத்தி வேலூரிலிருந்து வந்து வாங்கிப்போனவர் இன்னும் மூன்று கேட்டார். அர்த்தநாரிக்குச் சந்தோஷம் வந்தது. வந்ததே என்று வெட்கமும் வந்தது. டீக்கடையில் யாராவது "பட்டறை எப்படிப் போவுது?" என்று கேட்டால் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ஓடுதுங்க," என்றார்.

பொம்மை கட்ட ஒரு மேசை போதும். இவ்வளவு பெரிய பட்டறை எதற்கு? வெல்டர்கள் நாலு பேரையும் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பினார். காலி இடத்தைக் கண்ணுசாமி கேட்டார், முட்டை அட்டை அடுக்குவதற்கு. கொடுத்துவிட்டார். வாசல் முதல் கூரை வரை அட்டை ஏறிவிட்டது. கருப்பண்ணன் பக்கவாட்டில் நடந்துதான் மேசைக்குப் போக முடிந்தது.

அந்த நேரத்தில்தான் சங்ககிரியிலிருந்து அந்தப் போன் வந்தது.

"நான் மாதேஸ்வரன் பேசறனுங்க. படத்துல ஒரு பச்சை வண்டி பாத்தேன். கண்ணுலயே நிக்குது. அதேமாதிரி பன்னெண்டு வேணுமுங்க."

"பன்னெண்டா!" அர்த்தநாரி எழுந்து நின்றுவிட்டார். "பசங்களுக்குங்களா?"

"ஆமாங்க. மூணு பசங்க, ஆளுக்கு நாலு. ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் கொறச்சல்னு குடுத்தா அடிச்சுக்குவானுங்க."

"சரியாச் சொன்னீங்க. எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க. ஒரே அளவாத்தான் செய்யோணும்."

"நெறமும் அதே பச்சை, அதே மயிலு. ஆயுத பூசைக்கு வரிசையா நிறுத்திக் கும்புடோணும். முடியுங்களா?"

"அதுக்கு முந்தியே முடிச்சிரலாமுங்க. பலகையெல்லாம் கைவசம் இருக்குது."

"அட! அவ்வளவு வெரசாவா?" மாதேஸ்வரன் சற்று மலைத்தார். "அப்ப வேற எடத்துல விசாரிக்க மாட்டேன். வெலை ஊருல என்ன நடப்போ அதையே போட்டுக்குங்க. வார புதங்கெழமை காலையில ஆளுங்கள அனுப்பறேன்."

போனை வைத்ததும் அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் என்றால் இவரல்லவா மனிதர்! சாவியா பேட்டரியா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? அட்டைப்பெட்டி கேட்டாரா? துண்டு கட்டிய பொம்மையைக்கூட விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரையும் உட்கார விடவில்லை. கருப்பண்ணன் பலகை அறுத்தார், ரஞ்சிதா பச்சை அடித்தாள். பன்னிரண்டு மயில்களையும் அர்த்தநாரியே ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்தார். கோகுல்ராஜ் வந்து வரிசையாக வைத்துப் படமெடுத்தான். அந்தப் படத்தில் மட்டும், எந்த வித்தையும் செய்யாமலே, அவை நிஜ லாரிகள் மாதிரி இருந்தன.

"இப்பத்தான்டா ஒழுங்கா எடுத்திருக்கற," என்றார் அர்த்தநாரி.

புதன்கிழமை காலையில் சட்டை மாற்றி, பன்னிரண்டு லாரிக்கும் பொட்டு வைத்து, முட்டைப் பெட்டிகளில் வைக்கோல் பரப்பி அடுக்கிக் காத்திருந்தார். பத்து மணிக்குச் சாலையில் ஒரே ஹாரன் சத்தம். பேருந்துகள் நகராமல் நின்றன. ஏதோ ஊர்வலம் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில், தலை முதல் கால் வரை புழுதி படிந்த ஒரு ஆள், முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தபடி உள்ளே வந்தான்.

"மாதேஸ்வரன் அனுப்புன ஆளுங்களா? வாங்க, வாங்க!" அர்த்தநாரி முதல் பெட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்தார். "பத்தரமாக் கொண்டு போங்க. மயிலு இன்னும் காயல."

அவன் பெட்டிக்குள் பார்த்தான். கூரை வரை இருந்த முட்டை அட்டைகளைப் பார்த்தான். பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

"மாதிரி ரொம்ப நல்லாருக்குதுங்க. மொதல்ல இந்த அட்டையையெல்லாம் நகத்தச் சொல்லுங்க, பன்னெண்டு சேசிஸும் நடுரோட்டுல நிக்குது."