மெர்லின் என்ற ஃபோல்டர்

போன வாரம் என் மனைவி மெர்லினின் நாவல்களை ஒழித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். ரகசியமாகத்தான். சொல்லிவிட்டு ஒழிக்கிற வீரம் எங்கள் ஆவூரில் எந்தப் புருஷனுக்கும் கிடையாது.

எங்கள் வீட்டில் ஈ-ரீடர் ஒன்றே ஒன்று. அதில் என் பங்கு, புதுக்கோட்டை சமஸ்தான வரலாறு. பழைய நூல்களை எட்டு வருஷமாகப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்த அறுபது பொக்கிஷம். நான் சரித்திர வாத்தியார். மெர்லின் பங்கு, இருநூற்றுப் பன்னிரண்டு குடும்ப நாவல். இப்போது 'இடமில்லை' என்று ரீடர் கையை விரித்துவிட்டது. அறுபத்தோராவது புத்தகம் வாசலில் நிற்கிறது.

மெர்லினுக்குப் புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை காலையில் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மெர்லின், ரீடரைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணி வைக்கிறேன்."

"மொதல்ல காப்பி எடுத்துக்கங்க."

"குடிச்சாச்சே!"

"அந்தக் காப்பி இல்லைங்க. புக்கையெல்லாம் லேப்டாப்புல பேக்கப் எடுத்துக்கங்க."

"அதுகூடத் தெரியாதா எனக்கு?"

"சரி, பஸ் வந்துருச்சு. வாரேன்."

பஸ் மறைந்ததும் ரீடருக்கும் லேப்டாப்புக்கும் வயரை மாட்டினேன். 'சாமி' என்று ஒரு ஃபோல்டர். அது அடைக்கலசாமியாகிய நான். பக்கத்தில் 'மெர்லின்'. பேக்கப்பா? யாருக்கு வேண்டும்! 'மெர்லின்' மேல் ஒரே அமுக்கு. "நிரந்தரமாக அழிக்கவா?" என்று லேப்டாப் கேட்டது. கல்யாணத்தில் ஃபாதர் கேட்டபோதுகூட அவ்வளவு சந்தோஷமாக நான் சம்மதம் சொல்லவில்லை.

முக்கால்வாசி இடம் காலி! கண்ணீர்க் கதைகள் இவ்வளவு கனமா?

சாயங்காலம் மெர்லின் வந்ததும் முதல் கேள்வி:

"பேக்கப் எடுத்தீங்களா?"

"எல்லாம் பத்திரமா இருக்கு."

"ரீடரைத் தொறந்து பாருங்களேன்."

திறந்தேன். 'சாமி'க்குள் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளிலும் கதாநாயகிகள் ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

"மெர்லின்! என் சரித்திரம்?"

"அது 'மெர்லின்'ல இருந்துச்சே! வியாழக்கிழமை நீங்களா வந்து பாத்திரம் கழுவுனீங்கள்ல, அப்பவே எனக்குச் சந்தேகம். ரெண்டு ஃபோல்டருக்கும் பேரை மாத்தி வச்சிட்டேன். அதான் பேக்கப் எடுத்துட்டீங்களே, அப்பறம் என்ன?"

எந்த பேக்கப்பை எடுத்தேன்! எட்டு வருஷ உழைப்பு! அப்படியே நாற்காலியில் சரிந்தேன்.

என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. பேரை மாத்துறதுக்கு முன்னாடியே ஒங்க அறுபதையும் இதுல ஏத்திட்டேன்."

போன உயிர் திரும்பிவந்தது. எனக்கும் சிரிப்பு. பென் டிரைவோடு லேப்டாப்பை நோக்கிப் பாய்ந்தேன்.

"எங்க ஓடுறீங்க?"

"ரீடர்ல திரும்ப ஏத்தத்தான்!"

"அதுல ஏதுங்க எடம்? நீங்க காலி பண்ணி வச்சிருப்பீங்கன்னு தெரியும். பஸ்ஸுல வர்றப்பவே ஃபோன்ல இருந்து வாசிச்சுக் காட்டுற நாவலா அனுப்பி ரொப்பிட்டேன். சமைக்கிறப்பக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் பாருங்க!"

இப்போது எங்கள் வீட்டில் நாவல்கூடப் பேசுகிறது. நான்தான் பேசுவதில்லை.