நாய்க்கு இடம் பார்த்த பத்துப் பொருத்தம்

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே பொய் சொல்வதில் பத்துப் பொருத்தத்தை மிஞ்ச ஒருவர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். கல்யாணத் தரகர். எந்த ஜாதகத்தைக் கொடுத்தாலும் பிரித்துக்கூடப் பார்க்காமல் "பத்துக்குப் பத்துப் பொருத்தம்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

என் கல்யாணத்தையும் அவர்தான் முடித்தார். மாப்பிள்ளைக்குப் பெரம்பலூரில் வீடு இருக்கிறது என்று எங்களிடம் சொன்னார். இருந்தது, வாடகைக்கு. பெண் வாயே திறக்க மாட்டாள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். என் கணவர் அதை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுவதுண்டு. இரண்டு பக்கமும் சமமாக ஏமாந்ததால் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது.

இப்போது நாங்கள் இருக்கும் அரியலூர் காம்பவுண்டின் கடைசி போர்ஷனில்தான் தரகரும் குடியிருக்கிறார். ஊருக்கெல்லாம் கல்யாணம் செய்து வைத்தவர், தான் மட்டும் செய்துகொள்ளவில்லை. உள்விவரம் தெரிந்த மனிதர்.

ஒரு தை மாதம் வரதராஜன்பேட்டையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, ஒரு நாய்க்குட்டியோடு வந்து இறங்கினார். மண்டபத்துக்குப் பின்னால் பெயிண்ட் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் சுவர் சுவராக முட்டிக்கொண்டிருந்ததாம். டப்பாவை வெட்டித் தலையை விடுவித்ததும் அது செய்த முதல் காரியம், வெட்டியவரின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது.

வளர வளர அதற்கு ஓட்டம் கூடியது. நடந்து நான் பார்த்ததில்லை. கொடியில் காயும் துணி, வாசலில் கிடக்கும் செருப்பு, பால்காரரின் வேட்டி எல்லாமே அதற்கு விளையாட்டுச் சாமான். பெயர் வைக்கச் சொன்னதற்கு, "அது போற வூட்டு உரிமை, நாம வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஆனி பிறந்தபோது எங்கள் ஓனரம்மாவின் பட்டுப்புடவை இரண்டாகக் கிழிந்தது. அந்தம்மா வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள இந்த நாயி இங்கேருந்து போயிரணும். இல்லன்னா ஆள வச்சு சாக்குல கட்டி, கொள்ளிடத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வரச் சொல்லிருவேன்."

சொன்னால் செய்கிற அம்மாள். பத்துப் பொருத்தத்தின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது, "அதுவும் சரிதான். ஆடி பொறந்துட்டா நல்ல காரியம் எதுவும் பேச முடியாது."

மறுநாளே இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார். பெரம்பலூரில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று போர்டு தொங்குகிறது, உள்ளே நாய் இல்லை. ஆகவே இடம் காலி என்று முடிவு செய்தார். அந்த வீட்டில் போய் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்பாரா? தெருமுனை டீக்கடையில் விசாரித்தார். குடும்பம் எப்படி, கோபம் வருமா, சாப்பாடு ஒழுங்காகப் போடுவார்களா. தரகர் வந்து விசாரித்தால் தெரு என்ன நினைக்கும்? தங்கமான குடும்பம், சத்தமே வெளியே வராது என்று தெருவே சாட்சி சொன்னது. சேதி அந்த வீட்டுக்கும் போய்விட்டது.

நாய் வீட்டார் என்ற முறையில் ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் கூடப் போனோம். நாயை ஆட்டோவில் கட்டிவிட்டு உள்ளே நுழைந்தால் கேசரி, பஜ்ஜி, புது விரிப்பு. மூலையில் தலைக்கு மை அடித்துக்கொண்ட ஒரு பையன், கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வியர்த்தபடி உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"என்ன படிச்சிருக்குங்க?"

"படிப்பெல்லாம் கெடையாதுங்க. சொன்ன பேச்சும் கேக்காது. ஆனா பாசமுன்னா பாசம், ஆளப் பாத்ததும் மேல ஏறி மூஞ்சிய நக்கிரும்."

பையன் அம்மாவைப் பார்த்தான். அந்த வீட்டிலிருந்து நாங்கள் வெளியேறிய வேகத்தைப் பார்த்து ஆட்டோவில் இருந்த நாயே அசந்துபோயிற்று. கேசரி நன்றாக இருந்தது.

எனக்கு ஆச்சரியம் வேறொன்றில். பத்துப் பொருத்தத்தின் வாயிலிருந்து அப்பட்டமான உண்மை வந்து அன்றுதான் கேட்டேன்.

அடுத்தது அரியலூரிலேயே ஓர் ஓய்வு பெற்ற அதிகாரி. நாயைச் சுற்றி வந்து பார்த்தார். "பெட்டையா?" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு இறங்கி வந்தார். நாங்கள் சங்கிலி, ஊசி, படுக்க ஒரு கூண்டு, ஒரு வருடத்துக்கான தீனி எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார்.

"இதெல்லாம் நாங்களா கேக்கலைங்க," என்றார் குழைவாக. "உங்க நாய்க்கு நீங்க ஆசையா செய்யறது."

பத்துப் பொருத்தம் எழுந்து நின்றார்.

"சார், இந்தப் பேச்ச யாருகிட்ட பேசறீங்க? இதக் கண்டுபுடிச்சவனே நான்தான். ஒரு வாயில்லா சீவனுக்குச் சீர் கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

எங்கள் அப்பாவிடம் பீரோவும் கட்டிலும் கேட்டபோது அதிகாரி சொன்ன வசனத்தை அதே குழைவோடு சொன்னவர் அவர். என் கணவர் சட்டென்று காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

இப்படியே ஆனி முடிய வந்துவிட்டது. ஓனரம்மா சாக்கை எடுத்து வெயிலில் உதறிக் காயப்போட்டார். அன்று பத்துப் பொருத்தம் சோறு சாப்பிடவில்லை. நாய்க்கு ஒன்றும் தெரியவில்லை, அந்தச் சாக்கையும் இழுத்துக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி ஓடியது.

அப்போதுதான் நாய் தனக்கு வேண்டும் என்று செல்வராணி என்ற பெண்ணின் போன் வந்தது. தரகர் நாய்க்கு இடம் பார்க்கிற கதை சிரிப்பாய்ச் சிரித்து டவுன் பஸ் ஏறி கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் போயிருந்தது. அவள் பெயரைக் கேட்டதும் பத்துப் பொருத்தம், "அங்க நான் வரல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். செல்வராணிக்கு மாப்பிள்ளை பார்த்தவர் அவர்தான். "பையன் டீகூடக் குடிக்க மாட்டான்" என்று சொல்லி முடித்தார். டீ குடிக்காதது என்னவோ உண்மைதான். அடி பொறுக்காமல் அவள் வந்து அழுதபோதும், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார். கடைசியில் அவளாகவே உதறிவிட்டு வந்து, அப்பா விட்டுப்போன முந்திரிக் கொல்லையையும் சோளத்தையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுவேனா, இழுத்துக்கொண்டு போனேன். கொல்லைக்குள் நுழைந்ததும் மனிதர் நாய்க்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். செல்வராணி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவருக்கும் கொடுத்தாள்.

"சொல்லுங்க, நாயி எப்படி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார். "ஒரு எடத்துல நிக்காதும்மா. செருப்ப விட்டு வைக்காது. மூணு தெருவுக்குக் கேக்கற மாதிரி குலைக்கும். கட்டிப் போட்டா கயித்தக் கடிச்சுட்டு ஓடிரும். பெட்ட வேற."

"எங்க சோளத்துல மயிலும் பன்னியும் புகுந்து அழிக்குதுங்க. எனக்கு ஓடற நாயிதான் வேணும். பெட்டன்னா என்ன, நான் மட்டும் யாரு? இம்புட்டு கொறையும் நெசந்தானா?"

"சத்தியமா."

"அப்ப வுட்டுட்டுப் போங்க."

அவர் கயிற்றை அவள் கையில் கொடுத்தார், ஆனால் விடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லிடறேம்மா. உனக்கு ஒத்து வரலன்னா எந்த நேரம்னாலும் ஒரு போன் போடு. நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன். அனுசரிச்சு வச்சுக்கணும்னு அவசியம் இல்ல."

செல்வராணி அவரைப் பார்த்தாள்.

"இத என்கிட்டயும் அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

அவர் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டார்.

"இது ஆறு மாசமா என் வூட்ல, என் காலடியிலயே கெடந்துச்சும்மா," என்றார். "அதனால இதுக்குப் பொய் சொல்ல வரல. உன்னய நான் ஒருநாளும் அப்படி நெனச்சுப் பாக்கல. தப்புதாம்மா."

அவள் குனிந்து நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது சோளத்துக்குள் பாய்ந்ததில் ஏழெட்டு மயில்கள் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. செல்வராணி சிரித்தாள். பத்துப் பொருத்தம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்றோடு அவர் தொழில் படுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஜாதகத்தோடு வருகிறவர்களிடம், "பையன் நல்லவன்தான், ஆனா கை ஓங்குவான், வேணாம்" என்கிறார். பெண் வீட்டாரிடம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளத் தைரியம் இருக்கிறதா என்று கேட்கிறார். எந்த வீட்டில் இந்த மாதிரித் தரகரைக் கூப்பிடுவார்கள்? பெரம்பலூர் பக்கம் அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்றே பேச்சு.

எங்கள் பெண்ணுக்கு இப்போது இருபத்தாறு வயது. வந்த வரனையெல்லாம் அவர் ஒவ்வொரு குறை சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார். வேறு தரகரைப் பாருங்கள் என்று சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்கள். ஜாதகம் அவரிடமேதான் இருக்கிறது. வேறு யாரை நம்பியும் என் பெண்ணைக் கொடுக்க எனக்கு மனசில்லை.