கம்ப்யூட்டர் சொன்ன குசினி

இனிமேல் இந்த வீட்டில் கம்ப்யூட்டர் சொல்வதுதான் சட்டம் என்று வால்டர் அறிவித்தபோது, அவர் மனைவி பிரிஜெட் ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாக மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்த ஒற்றைத் தகரம்தான் குசினி. மழை வந்தால் முதலில் நனைவது வாணலி.

“எந்தச் சட்டங்க? கதவுச் சட்டமா, ஜன்னல் சட்டமா?”

“ரெண்டும்தான்!”

அதுவும் உண்மை. பாடாங் மேஹா பக்கம் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை இடித்துப் போட்டிருந்தார்கள். பலகை, சட்டம், தகரம் என்று ஒரு லாரி சாமானை வால்டர் கேட்டு வாங்கி வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார். அவருக்குக் காண்டிராக்டர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. அங்கே புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையது அவர் மடியில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அதை டிவியில் மாட்டியாயிற்று. ஒவ்வொரு மரத்தின் அளவையும் தட்டிவிட்டால், எதை எதோடு சேர்த்து என்ன கட்டலாம் என்று கோடு போட்டுக் காட்டும்.

வால்டருக்கு ஆசை, காருக்கு ஒரு கொட்டகை. கார் மழையில் நனைந்தால் துணி எடுத்துக்கொண்டு ஓடுவார். பெண்டாட்டி நனைந்தால் ஓடமாட்டார்.

“எனக்குக் குசினி வேணுங்க. பிள்ளைக்குப் பால் காய்ச்ச வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கு.”

“நீயும் பேசாதே, நானும் பேசல. மெஷின் கொட்டகைன்னா கொட்டகை. குசினின்னா குசினி. அவ்வளவுதான்லா!”

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “நான் சாட்சிலா, அண்ணே!” என்றார்.

“சாட்சி இருக்கட்டும். அளக்கிறது யாரு?” என்றாள் பிரிஜெட்.

மரக்குவியலில் ஆணி இருந்தது, துரு இருந்தது, பூரானும் இருந்தது. வால்டருக்கு உடனே முதுகு வலித்தது.

“நீ அளந்து சொல்லு. நான் தட்டுறேன்.”

சனிக்கிழமை ஆரம்பித்தார்கள். அவள் வெயிலில், அவர் காற்றாடிக்கு அடியில்.

“மூணு அடி!”

“அப்புறம்?”

“நாலு அடி!”

“பெரிய அடி எதுவும் இல்லையா?”

“வெளியே வாங்க, தர்றேன்!”

டெஸ்மண்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எல்லாம் உள்ளே போயிற்று. டிவி கொஞ்சம் யோசித்துவிட்டு, கட்ட முடிந்த அளவுக்கு ஒரு பெட்டி போட்டது. வால்டர் கார் அளவைத் தட்டினார். கார் பாதிதான் நுழைந்தது. பின்பக்கம் மழைக்கு நீட்டிக்கொண்டு நின்றது. திருப்பித் திருப்பிப் போட்டார். அதே பாதிக் கார். கடைசியில் மனசில்லாமல் அடுப்பையும் மேசையையும் தட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தன.

“குசினிதான் சொல்லுது,” என்றார், சாவு வீட்டுக் குரலில்.

“ஐயோ, அப்படியா!” என்று பிரிஜெட் கன்னத்தில் கை வைத்தாள்.

சாட்சி சொன்ன டெஸ்மண்டையே துணைக்கு இழுத்து, ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, வால்டரே குசினியைக் கட்டி முடித்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், குப்பையில் ஒரு குச்சி வீணாகவில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் மூளை என்று பீற்றிக்கொண்டார்.

அப்படி ஒரு நாள் பீற்றிக்கொண்டிருக்கும்போது, பிரிஜெட் துணிக்கொடி கட்ட, கால் நட்டுத் தூக்கிக் கட்டிய வீட்டுக்கு அடியிலிருந்து மரம் இழுத்தாள். இழுத்தாள், இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது. காரைவிட நீளம். பின்னாலேயே இன்னும் மூன்று.

வால்டர் குனிந்து வீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். “இது எப்படி இங்க வந்துச்சு?”

“லாரி வந்தப்ப நீங்க ஆபீஸ்ல. நான்தான் உள்ளே தள்ளி வச்சேன்.”

“அடிப்பாவி! மெஷினுக்கு ஏன் சொல்லல?”

பிரிஜெட் ஈரத் துணியை உதறினாள்.

“அதுகிட்டச் சொன்னா, அது உங்ககிட்டச் சொல்லிடும்ல.”