முதுகில் ஒரு பாத்திரக்கடை

டீம் ஓனர் ஆகவேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு நாற்காலியைப் பார்த்துத்தான் வந்தது. வண்டியைப் பார்த்து அல்ல. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்த வருஷம், 1991 தை மாதம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், மற்ற ஓசிப் பார்வையாளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு டீம் ஓனர் மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவன் குடை பிடித்தான். இன்னொருவன் கூல்டிரிங்க்ஸ் நீட்டினான். கையைச் சுட்டுக்கொண்டு, கிரீஸைப் பூசிக்கொண்டு வண்டியோடு மல்லுக்கட்டியவர்கள் வேறு யாரோ. கோப்பை கொடுக்கும்போது மட்டும் அந்த நாற்காலி எழுந்து போய் வாங்கிக்கொண்டது. அடடா, இதுவல்லவா வேலை என்று தோன்றியது.

(மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு எட்டு மாதம் சும்மா இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?)

நான் பார்த்தது டிராக் ரேஸ். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. கால் மைல் நேர் ரோடு. இரண்டு பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி இறங்கியதும் பாய்ந்து, முதலில் கோட்டைத் தாண்டுவது ஜெயித்தது. மொத்தமே பதினைந்து செகண்டு. ஒரு தும்மலை அடக்குவதற்குள் முடிந்துவிடும். இதற்காக மாதக்கணக்கில் வயிற்றைக் கட்டுகிற பைத்தியங்கள் உண்டு. அதில் ஒரு பைத்தியத்தை எனக்குத் தெரியும்.

சேவியர். தண்டலத்துக்காரன், என்னோடு ஸ்கூலில் படித்தவன், வால்வு ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவன். ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை வாங்கி, ஓ.டி. காசையெல்லாம் அதற்கே தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய், "டீம் ஆரம்பிக்கலாம். நீ ரைடர், நான் ஓனர்" என்றேன்.

"வண்டி என்னுது. ஸ்பேனர் என்னுது. பெட்ரோல் என் காசு. நீ இன்னாத்துக்கு ஓனரு?"

"ஸ்பான்சர் பிடிச்சுத் தருவேன்."

அவன் லேசில் மயங்குகிற ஆள் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. அடுத்த மாதப் போட்டிக்கு பெங்களூர் டீம் ஒன்றின் மேனேஜர் வருகிறார். அவருக்கு ஒரு ரைடர் வேண்டும்.

"பதினஞ்சு செகண்டுக்குள்ள வந்தா இட்டுக்கினு போறேன்னு சொல்லிக்கீறாரு. இந்த மொட்டை டயர வெச்சிக்கினு பதினாறுதான் வருது. ஒரு டயரு, ஒரு பிஸ்டன் செட்டு. வாங்கிக் குடு, உன்ன ஓனருன்னு இன்னா, கலெக்டருன்னே கூப்புடறேன்."

லேத்தை விட்டுவிட்டு வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டுவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே வழி அது. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன், பின்னால் செய்ததையெல்லாம்.

முதல் வேலையாக லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அடித்தேன். டீமில் எனக்குச் சொந்தமாக இருந்த சொத்து அவை இரண்டுதான். சலவைச் சட்டையோடு ஹைவே ஓரத்து ஃபேக்டரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு பர்சனல் ஆபீசர் என் கடிதத்தைப் பிரிக்காமலே, "அப்ளிகேஷன்தானே? அந்த டிரேல போட்டுட்டுப் போ" என்றார். ஸ்பான்சர்ஷிப் என்று விளக்கினேன். "பையன் நல்லா இங்கிலீஷ் பேசறான்" என்று பக்கத்து மேஜையிடம் சொல்லிவிட்டு மறுபடி டிரேயைக் காட்டினார்.

ஒன்பது கேட்டுகளுக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஏகாம்பரம் கிடைத்தார். நல்ல மனுஷர். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன்மேல் 'உபயம்' என்று தொடங்கி, தன் பெயர், அப்பா பெயர், கடை பெயர், விலாசம் எல்லாம் சிவப்பு பெயிண்டில் எழுதவைத்தவர். லைட் எரியும். வெளிச்சம் வராது.

"டயரும் பிஸ்டனும் நான் தரேன் தம்பி. பேர எங்க போடுவே?"

"பெட்ரோல் டேங்க்ல ஒரு ஸ்டிக்கர் சார்."

"எவ்ளோ நேரம் ஓடும் வண்டி?"

"பதினஞ்சு செகண்டு."

ஏகாம்பரம் என்னைப் பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பதினஞ்சு செகண்டுல எவன்யா ஸ்டிக்கரப் படிப்பான்? போர்டு வெய்யி. வண்டிக்குப் பின்னால, குறுக்கால, பெருசா."

"பின்னாலயா?"

"ரேஸ்ல முன்னாடி போறவன் முதுகத்தான மத்தவன் பார்ப்பான்? நாமதான முன்னாடி போறோம்?"

அந்த 'நாம'வில் விழுந்தேன் பாருங்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை. சரி என்று தலையாட்டி, லெட்டர் பேடில் எழுதி, ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தேன்.

டயர் வந்தது. பிஸ்டன் வந்தது. சேவியர் வண்டியின் எடையைக் குறைக்க ஆரம்பித்தான். மட்கார்டைக் கழற்றினான். சீட்டின் பஞ்சைப் பிய்த்தான். பிரேக் பெடலில் டிரில் போட்டு ஓட்டை ஓட்டையாக்கினான். அதுவும் போதாமல் தன் எடையைக் குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான். (அவன் அம்மா, பிள்ளை இந்த வருஷம் தவக்காலத்தை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டான் என்று பூரித்துப்போய் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறார்.) டெஸ்ட் ஓட்டத்தில் பதினான்கே முக்கால் வந்தது. அன்றைக்கு அவன் என்னை நிஜமாகவே "கலெக்டரு" என்று கூப்பிட்டான்.

போர்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

போட்டியன்று காலை அதை ஏகாம்பரமே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மரச்சட்டம் அடித்த தகரம். அகலம் மூன்றரை அடி, உயரம் இரண்டரை. பெயர், கடை, விலாசம், போன் நம்பர், எவர்சில்வர் பித்தளை அலுமினியம், கல்யாண சீர்வரிசைக்கு அணுகவும். அடியில், 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.'

சேவியர் போர்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னா இது, வூட்டுக் கதவா?"

"ஸ்பான்சர் போர்டுடா. சின்னதுதான்."

"நான் பெடல்ல ஓட்ட போட்டு நூறு கிராம் கொறச்சேன். இது ஆறு கிலோ கீது!"

"டயர் அவரோடதுடா. எழுதிக் குடுத்துட்டேன்."

அவன் ஸ்பேனரை என் காலடியில் போட்டுவிட்டு ஹெல்மெட்டைத் துடைக்கப் போனான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஏகாம்பரம் எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

வண்டியைச் சோதிக்கும் அதிகாரி போர்டை விடமாட்டார் என்று தெரியும். சோதனை முடிந்தபிறகு மாட்டினேன். (டிப்ளமா வாங்கியதற்கு இந்த ஒரு பிரயோஜனம்.) ஸ்டார்ட் கோட்டில் கொடிக்காரர், "என்னப்பா இது?" என்றார்.

"ஏரோடைனமிக்ஸ் சார்."

அவருக்கு இன்னும் நாற்பது வண்டி பாக்கி. கொடியைத் தூக்கினார்.

அமெரிக்காவில் டிராக் ரேஸ் கார்களின் வேகத்தைக் குறைக்க, கோட்டைத் தாண்டியதும் பின்னால் பாராசூட் விரியும். பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறேன். உலகத்திலேயே பாராசூட்டை விரித்துக்கொண்டு கிளம்பிய ஒரே டீம் எங்களுடையது.

கொடி இறங்கியது. முதல் கியரில் வண்டி அம்புபோலப் பாய்ந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். இரண்டாவது கியரில் காற்று போர்டைப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் கதறுகிறது, புகை கக்குகிறது, வண்டி மட்டும் மணிமங்கலம் டவுன் பஸ் மாதிரி போகிறது. முன்சக்கரம் தரையில் நிற்பேனா என்கிறது. சேவியர் டேங்க்மேல் குப்புறப் படுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து ஒடித்துச் சமாளிக்கிறான். எதிராளி கோட்டைத் தாண்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்தான். எங்கள் பாத்திரக்கடை இன்னும் போய்க்கொண்டிருந்தது. வேலியோரக் கூட்டம் போர்டை ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தது. 'வேறு கிளைகள் இல்லை'க்கு விசில் பறந்தது.

இருபத்தாறு செகண்டு.

ஏகாம்பரம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "ஒரு எழுத்து வுடாம படிச்சாங்க தம்பி! பக்கத்துல ஒருத்தரு போன் நம்பர எழுதியே வெச்சிக்கினாரு! ஜெயிச்சவன் பேரு எவனுக்காச்சும் தெரியுமா? அடுத்த தபா முன்னாலயும் ஒண்ணு வெப்போம்." அன்றைக்கு மைதானத்தில் கொடுத்த காசுக்குப் பலன் பார்த்த ஒரே ஸ்பான்சர் அவர்தான்.

பெங்களூர் மேனேஜரைத் தேடி ஓடினேன். காரில் ஏறிக்கொண்டிருந்தார். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். "ஸ்பீட் போச்சு, சரி. ஆனா அந்தக் கதவோட வண்டியை விழாம நேரா கொண்டுபோனானே, அது யாரு?" என்றார். நானும் சும்மா பெயரைச் சொல்லியிருக்கலாம். "நான்தான் சார் டீம் ஓனர், எங்க ரைடர் வேணும்னா எங்கிட்டதான் பேசணும்" என்றேன். அவர் கார் கதவைச் சாத்திக்கொண்டார். கார் கிளம்பிப் போய்விட்டது.

சேவியர் இதை எட்டு அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஏழு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. பஸ் வரத் தாமதமானால் "போர்டு கட்டிக்கினு வருதுபோல" என்பார் அப்பா. பருப்பு வேகாவிட்டால் அம்மாவும் குக்கருக்கு அதையேதான் சொல்கிறாள். என் தங்கை, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, "அண்ணன் என்ன செய்யறார்?" என்ற கேள்விக்கு, "ஓனரா இருக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள்.

போன வாரம் நானே பெங்களூருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஸ்டாம்ப் குத்தவில்லை. ஓனர் யாரும் கிடையாது, வண்டியும் சேவியருடையது, திறமையும் சேவியருடையது, கெடுத்தது நான் என்று நாலே வரி. வரும் ஞாயிறு வண்டியோடு வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. ஒரே ஒரு ஓட்டம், பார்க்கிறேன் என்று. எடுத்துக்கொண்டு தண்டலத்துக்கு ஓடினேன். சேவியர் இரண்டு முறை படித்தான்.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

"வா. ஸ்பேனர் எடுத்துக் குடு. அங்க எவங்கிட்டயும் வாயத் தொறக்கக்கூடாது."

ஒத்துக்கொண்டேன். இப்போது வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று இருபது நிமிஷம் பேசாமல் இருந்தேன்.