பத்து சென்டிமீட்டர் பொய்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் நீட்டிய படிவத்தில் உயரம் 165, எடை 58 என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அது பொய்க் கணக்கு என்று டெய்லருக்கு உறைத்தது.

பிரசவத்துக்கு உள்ளே போயிருக்கும் மனைவியின் உண்மையான உயரம் 155. ஊரையே அளக்கிறவருக்கு அது தெரியாதா? 165 என்பது கல்யாணம் பேசும்போது அவள் வீட்டில் சொன்ன கணக்கு. ஆறு வருஷமாக வீட்டு அமைதியை உத்தேசித்து அவரும் அதையே சொல்லிப் பழகிவிட்டார்.

உள்ளே மயக்க மருந்து டாக்டர் யாருக்கோ பாடம் நடத்துவது காதில் விழுந்தது.

"சிசேரியனுக்கு முதுகுல போடுற ஊசிக்கு உயரமும் பார்க்கணும்ப்பா. குள்ளமானவங்களுக்கு மருந்து கூடிப்போச்சுன்னா மரப்பு நெஞ்சு வரைக்கும் ஏறிடும். பிரஷர் சடார்னு இறங்கும்."

டெய்லர் பதறிப் போனார். தன் பொய்யால் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? நர்ஸிடம் ஓடினார்.

"சிஸ்டர், உயரம் தப்பு. நூத்தி அம்பத்தஞ்சு."

"அடிச்சுத் திருத்தக் கூடாது சார். புதுசா எழுதுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். 58 கிலோ கர்ப்பத்துக்கு முந்தைய எடையாயிற்றே!

"சிஸ்டர், எடையும் தப்பு. எழுபத்தொண்ணு."

நர்ஸ் அவரை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். "நிச்சயமாவா?"

"சத்தியமா."

மூன்றாவது படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "அவங்களுக்கு ஊசி போட்டாச்சு. கவுன் மாட்டிக்கிட்டு உள்ள வாங்க" என்றாள்.

எந்தப் படிவத்தைப் பார்த்து ஊசி போட்டார்கள்? டெய்லர் நேராக மயக்க மருந்து டாக்டரிடம் போய் நின்றார்.

"டாக்டர், இவ நூத்தி அறுபத்தஞ்சு இல்ல. நூத்தி அம்பத்தஞ்சுதான். எடை எழுபத்தொண்ணு."

மேஜைமேல் விழித்தபடி படுத்திருந்த மனைவி தலையைத் திருப்பினாள். "மைக் வெச்சு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களைப் பார்த்தாதான் பிரஷர் ஏறுது."

"ஏறட்டும்மா. இறங்காம இருந்தா போதும்."

அந்த நேரம் குழந்தை வீறிட்டது. ஆறடி உயரமும் நூற்றுப்பத்து கிலோ எடையுமான டெய்லர், சந்தோஷம் தாங்காமல் அப்படியே சரிந்தார்.

கண் விழித்தபோது வார்டு ஊழியர் ஒருவர் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்து, முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மாவைக் காலையிலேயே நாங்க அளந்து, எடை பார்த்தாச்சு சார். அந்த ஃபாரம், உள்ள வர்ற புருஷன் மயங்கி விழுந்தா தூக்க எத்தனை பேர் வேணும்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. எழுபத்தொண்ணுன்னு எழுதியிருந்தீங்களேன்னு நான் ஒருத்தனா வந்துட்டேன்."